அது ஐ.நா. கொடி இல்லை

பூமியின் படம் போட்ட நீலக் கொடியைக் காட்டி, "1970-இல் முதல் புவி நாளுக்காக ஐ.நா. வெளியிட்ட சுற்றுச்சூழல் இயக்கக் கொடி" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு வெவ்வேறு கொடிகள் கலந்துவிட்டன.

நீலக் கொடி ஜான் மெக்கானெல் என்ற அமைதி ஆர்வலர் உருவாக்கியது. ஐ.நா.வின் அதிகாரபூர்வக் கொடி அல்ல. தவிர, நீங்கள் போட்டிருக்கும் வடிவத்தில் உள்ள புகைப்படத்தை அப்பல்லோ 17 விண்வெளி வீரர்கள் எடுத்ததே 1972 டிசம்பரில்தான். அது எப்படி 1970-இல் பறந்திருக்கும்?

அன்றைய சுற்றுச்சூழல் இயக்கத்தோடு ஒட்டிக்கொண்ட கொடி வேறு. அமெரிக்கக் கொடியின் அமைப்புதான், ஆனால் பச்சை வெள்ளைப் பட்டைகள். நட்சத்திரங்கள் இருக்கும் மூலையில் கிரேக்க எழுத்தான தீட்டா (θ) போன்ற ஒரு சின்னம். அந்தச் சின்னத்தை வரைந்தவர் கார்ட்டூனிஸ்ட் ரான் காப். 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஃப்ரீ பிரஸ் இதழில் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுச்சொத்தாக விட்டுவிட்டார் (இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியுமா?). அதைக் கொடியாக்கி 1970 ஏப்ரலில் அச்சிட்டது லுக் பத்திரிகை.

அப்புறம் ஐ.நா. விஷயம்: புவி நாளான ஏப்ரல் 22-ஐ சர்வதேச அன்னை பூமி நாளாகப் பொதுச்சபை அறிவித்தது 2009-இல்தான்.