சத்னாம் சிங் என்பிஏ-ல ஆடினாரா? அந்த ஃபார்வர்ட் தப்பு

ரெண்டு நாளா நம்ம சிங்கப்பூர் தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏ பத்தி ஒரு மெசேஜ் சுத்துது, "என்பிஏ-ல ஆடின முதல் இந்தியர் சத்னாம் சிங், டல்லாஸ் மாவெரிக்ஸுக்கு 3 சீசன் ஆடினார்"னு. அது உண்மை இல்லைங்க.

2015 டிராஃப்ட்ல (என்பிஏ டீம்கள் வரிசையா புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி) 52வது ஆளா மாவெரிக்ஸ் அவரை எடுத்தது நிஜம். இந்தியாவுல பிறந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள் அவர்தான், பஞ்சாப்ல ஒரு சின்ன கிராமத்துலேருந்து அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம். ஆனா என்பிஏ ரெகுலர் சீசன்ல ஒரு மேட்ச் கூட ஆடல. ரெகுலர் சீசன் கணக்குல சேராத கோடைக்கால லீக்ல மாவெரிக்ஸ் ஜெர்சி போட்டிருக்கார், மத்தபடி கீழ்மட்ட லீக்ல டெக்சஸ் லெஜண்ட்ஸ் டீம்லதான் இருந்தார்.

இந்திய வம்சாவளியில முதல்ல என்பிஏ-ல ஆடினவர் சிம் புல்லர், கனடாவுல பிறந்தவர், 7 அடி 5 அங்குலம். 2015 ஏப்ரல்ல சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு 3 மேட்ச், மொத்தமே சுமார் 3 நிமிஷம், 2 பாயிண்ட், அவ்வளவுதான், ஆனா அதுக்கப்புறம் அவர் விட்டுடல, தைவான் போய் அங்க பல வருஷம் ஆடினார், அந்த உழைப்பைப் பத்தி யாருமே ஃபார்வர்ட் பண்றதில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்துல ரெண்டு பேர் பேரையும் தேடிப் பாருங்க, இலவசம்தான். அந்த மெசேஜை இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க, ப்ளீஸ், ஏற்கெனவே அனுப்பியிருந்தா அதே குரூப்ல இதையும் போட்டுடுங்க.