ஹெல்லரின் நாற்காலி

ஜெர்மனியில் தண்ணீர்க் கட்டணம் ஏறினாலும், கிராமத்துக்கு வரும் பஸ்ஸை நிறுத்தினாலும், ஊர் மருத்துவமனையை மூடினாலும் உடனே காதில் விழும் ஒரு சொல் உண்டு: டாசைன்ஸ்ஃபோர்ஸோர்கே. மனிதர்கள் வாழத் தேவையான தண்ணீர், மின்சாரம், எரிவாயு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் அரசு முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது என்று பொருள். இங்கே வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல் இது. அதை நிர்வாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் யார் என்று தெரிந்தபிறகு முன்போல அதைக் கேட்க முடியவில்லை.

அவர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்ட்ஹோஃப். 1902இல் பிறந்தவர், அரசியலமைப்புச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட்டின் மாணவர். 1933இல் சர்வாதிகார அரசை வரவேற்று ஒரு சிறு நூல் எழுதினார். யூத வெறுப்பு வெளிப்படையாகவே இருந்த நூல் அது. அதே ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அந்த நாற்காலி எப்படிக் காலியானது?

அதில் இருந்தவர் ஹெர்மன் ஹெல்லர். யூதர், சமூக ஜனநாயகவாதி. 1932இல் பிரஷ்ய மாநில ஆட்சியை மத்திய அரசு பறித்துக்கொண்டபோது, லைப்சிக் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதாடியவர்களில் ஒருவர். எதிர்த்தரப்பில் மத்திய அரசுக்காக நின்றது ஷ்மிட். அடுத்த வருடம் ஹிட்லர் வந்ததும் ஹெல்லரின் வேலை போனது. 1933 நவம்பரில் மாட்ரிட்டில், அகதியாக, இதயநோயால் இறந்தார். வயது 42. ஆசிரியரை வழக்கில் எதிர்த்தவரின் இடத்தில் மாணவர் போய் உட்கார்ந்தார்.

சரி, அந்தச் சொல்லுக்கு வருவோம். 1938இல் ஃபோர்ஸ்ட்ஹோஃப் எழுதியது உண்மையிலேயே கூர்மையான கவனிப்பு. அதை மறுக்க மாட்டேன். பழைய காலத்து விவசாயிக்குச் சொந்தக் கிணறு, சொந்த நிலம், சொந்த வீடு. அவன் உலகம் சிறியது, ஆனால் அது அவன் கையில் இருந்தது. நகரத்து மனிதன் ரயிலேறி எங்கு வேண்டுமானாலும் போவான். ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா என்பது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் நாலு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதுவரை நிர்வாகச் சட்டம் என்றாலே அரசு எதைத் தடுக்கலாம், எதில் தலையிடலாம் என்பதுதான் பேச்சு. அரசு கொடுக்கிறது, நாம் அதை நம்பி வாழ்கிறோம் என்பதைச் சட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் அவர்.

அந்த நம்பி வாழும் நிலையிலிருந்து அவர் எங்கே போனார் என்பதுதான் என் பிரச்சினை. அவரைப் பொறுத்தவரை பழைய அடிப்படை உரிமைகள் வரலாற்றுக்குப் போய்விட்டன. இனி மனிதனுக்கு வேண்டியது சமூகம் தருவதில் ஒரு பங்கு. அப்படியானால் யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை? யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்திய அதே 1938இல், அவர்களின் கடையையும் தொழிலையும் பறித்த நாட்டில் உட்கார்ந்து எழுதியவர் அவர். உரிமை இல்லாத பங்கு எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படும் என்பதற்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே போதுமாக இருந்திருக்கும். பின்னாளில் ஆட்சியோடு அவருக்கும் உரசல் வந்தது உண்மைதான். அதனால் என் கேள்வி சிறிதாகிவிடவில்லை.

1946இல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1952இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் பேராசிரியர். இடையில் 1950இல் வெளிவந்த அவருடைய நிர்வாகச் சட்டப் பாடநூல் 1973க்குள் பத்துப் பதிப்பு கண்டது. 1960இல் சைப்ரஸின் அரசியலமைப்பு நீதிமன்றத் தலைவராகவும் போனார். கிரேக்கர், துருக்கியர் இரு தரப்புக்கும் நடுவில் நிற்க வேண்டிய பதவி, 1963இல் விலகிவிட்டார்.

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது 1953. ‘சமூக நலன் காக்கும் சட்ட அரசு’ என்ற எண்ணத்தை 1930இல் முன்வைத்தவர் ஹெல்லர். வேலையும் சொத்தும் சட்ட ஆட்சிக்குள் வராவிட்டால் சர்வாதிகாரம்தான் வரும் என்பது அவர் வாதம். வந்தது. போருக்குப் பிறகு 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தில், அதாவது அரசியலமைப்பில், அதே சொற்றொடர் இடம்பெற்றது. நான்கே வருடத்தில், பான் நகரில் நடந்த பொதுச்சட்டப் பேராசிரியர்களின் கூட்டத்தில் ஃபோர்ஸ்ட்ஹோஃப் எழுந்து, சமூக அரசும் சட்ட அரசும் அரசியலமைப்பு என்ற தளத்தில் ஒன்றுசேராது, அந்தச் சொற்றொடரிலிருந்து யாருக்கும் எந்த உரிமையும் பிறக்காது என்று வாதிட்டார். ஹெல்லரின் நாற்காலியில் உட்கார்ந்தது போதாதா? அவர் விட்டுப்போன ஒரு சொல்லுக்கு உயிர் வரும் நேரத்தில் அதையுமா தடுக்க வேண்டும்?

நல்லவேளை, நீதிமன்றங்கள் வேறு வழியில் போயின. 1954 ஜூனில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஏழை ஒருவரின் உதவித்தொகை வழக்கில், அவர் அரசுக்கு அடங்கி நிற்கும் வெறும் பிரஜை அல்ல, குடிமகன், சட்டம் சொல்லும் உதவியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு என்றது. 2010 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், கண்ணியமாக வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவையோ அது ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது.

ஆளை விடு, கருத்தை மட்டும் எடுத்துக்கொள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கருத்தில் இருந்த ஓட்டை அந்த ஆளின் வாழ்க்கையில் இருந்த அதே ஓட்டைதான். அதை அடைத்தது ஹெல்லர் பக்கத்துச் சிந்தனை. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இரண்டு பெயரையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன்.

போன வருடம் வாடகை உதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். மறுத்துக் கடிதம் வந்தது. மூன்று பக்கம், எல்லாம் கணக்கு. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு சிறு பத்தி: இந்த முடிவை எதிர்த்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம், எங்கே அனுப்ப வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும். கணக்கை விட்டுவிட்டு அந்தப் பத்தியைத்தான் இரண்டு தடவை படித்தேன். அப்புறம் பேனாவை எடுத்தேன்.