காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கினது?

“பிள்ளைக்கு மேல் சுடுது, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ.” டேகெயாரிலிருந்து வருகிற தகவல் இவ்வளவுதான். எத்தனை டிகிரி மிஸ் என்று கேட்டால், தொட்டுப் பார்த்தோம் என்கிறார்கள். எப்போதிருந்து சுடுகிறது என்று கேட்டால், காலையிலிருந்தே கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தா என்கிறார்கள். காலையிலிருந்தே என்றால், பகல் சாப்பாடு கொடுத்து, நித்திரையாக்கி, எழுப்பிய பிறகுதானா எனக்கு போன் எடுப்பது?

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது பற்றி எனக்குக் கோபமே இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரே பாயில் உருண்டு, ஒரே விளையாட்டுச் சாமானை மாறி மாறி வாயில் வைக்கிற இடம் அது. காய்ச்சல் வரத்தான் செய்யும். பிள்ளையை நாள் முழுக்கப் பார்ப்பதற்குக் காசு வாங்குகிற இடத்தில் ஒரு தெர்மோமீட்டர் இல்லையே, அதுதான் கோபம். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில், திருகோணமலையில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாலும் சுடும். உண்மையிலேயே காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கையும் காலும் குளிர்ந்து கிடக்கும். தொட்டுப் பார்த்து என்ன தெரியும்? அக்குளில் வைத்து, சத்தம் வரும்வரை பிடித்து, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் போகும்?

இதைப் பெரிதாக்குகிறேன் என்று சொல்கிறவர்கள், 2017இல் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் நடந்ததை மறந்துவிட்டார்களா? அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு. வருடத் தொடக்கத்திலேயே கிண்ணியாவில் சாவு விழுந்தது. வாடை மழை முடிந்து, வளவுகளில் கிடக்கிற சிரட்டையிலும் டயரிலும் தண்ணீர் தேங்குகிற காலத்தில், இந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் காரணம் தெரியாமல் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்க வேண்டும்.

டெங்குவில் எல்லாமே கணக்கு. டாக்டர் கேட்கிற முதல் கேள்வி, “காய்ச்சல் எப்போது தொடங்கினது?” என்றுதான் இருக்கும். மூன்றாம் நாளுக்குள் ரத்தம் எடுத்து வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்களே, அந்த மூன்றாம் நாளை எங்கேயிருந்து எண்ணுவது? முதல் நாள் எது என்று தெரிந்தால்தானே? பிள்ளையோடு அந்த நேரத்தில் இருந்தவர்கள் டேகெயார்க்காரர்கள். “எனக்குத் தெரியாது டாக்டர், மத்தியானம்தான் சொன்னார்கள்” என்று கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியில் நின்று விழிக்கிறவள் தாய்.

இதைவிடப் பயங்கரம், காய்ச்சல் விட்ட பிறகு நடப்பது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிற அந்த 24 முதல் 48 மணித்தியாலம் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம். எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? “காய்ச்சல் விட்டிட்டுது, இனிக் கொண்டுவந்து விடலாம்” என்று டேகெயாரே சொல்கிறது! பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா, திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறதா, சுருண்டு படுக்கிறதா, கை கால் குளிர்கிறதா, கடைசியாக எப்போது மூத்திரம் போனது? இதையெல்லாம் யார் பார்ப்பது? பம்பர்ஸ் மாற்றுகிறவருக்குத்தானே ஈரமா காய்ந்து கிடந்ததா என்று தெரியும். அவர் அதை வாய் திறந்து சொல்வதில்லை. அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன், இதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. “கொஞ்சம் பனடோல் குடுத்தனாங்கள்.” கொஞ்சம் என்றால் எவ்வளவு? பனடோல் என்கிற பராசிற்றமோல் பிள்ளையின் நிறையைப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. ஒரு தடவைக்கு, ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம். 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கிற சிரப் என்றால் ஏழரை மில்லிலீற்றர். அதற்குப் பிறகு ஆறு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அவர்கள் ஒரு மணிக்குக் கொடுத்தது தெரியாமல் நான் மூன்று மணிக்கு வீட்டில் கொடுத்தால்? அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கிற மருந்து அது. அவசரத்துக்குக் கொடுத்தது பிழை என்று நான் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று எழுதாமல் விட்டதைத்தான் கேட்கிறேன்.

பனடோலில் குறையவில்லை என்று “கெட்டியான” மருந்து தேடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். இபுபுரூஃபன், மெஃபனமிக் அசிட், பின்னால் வைக்கிற டைக்ளோஃபெனாக். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது இதில் ஒன்றையும் தொடக்கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டும். டேகெயார் வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டு அன்ரிமாரின் ஆலோசனையைக் கேட்டு யாரும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிவப்பு நிறக் குடிபானமும் வேண்டாம், பிறகு சத்தியில் வருவது ரத்தமா சாயமா என்று தெரியாமல் போகும்.

அப்புறம் இந்த “பல்லு முளைக்குது” என்ற பேச்சு. பல் முளைக்கும்போது உடம்பு லேசாக வெதுவெதுப்பாக இருக்கலாம், 39 டிகிரி வராது. கண்ணூறு என்று திருநீறு போடுவதை நான் தடுக்கவில்லை, போடுங்கள், போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் மூத்திரக் கிருமியாகவும் இருக்கலாம், அதற்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பச்சைப்பிள்ளை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. வலிப்பு வந்தால் வாய்க்குள் கரண்டி வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990 அம்புலன்சுக்கு போன் எடுக்க வேண்டும். பிள்ளை பார்க்கிற இடத்தில் வேலைக்குச் சேர்கிற முதல் நாளே இவ்வளவும் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

அங்கே வேலை செய்கிற பெண்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சொற்பச் சம்பளத்துக்கு ஒரு அறை நிறையப் பிள்ளைகளை இரண்டு பேர் மேய்க்கிறார்கள். காய்ச்சல் பிள்ளையைத் தனியாகப் படுக்க வைக்க அவர்களுக்கு இடமும் கிடையாது, மடியில் வைத்திருக்க மூன்றாவது ஆளும் கிடையாது. நடத்துகிறவர்களுக்கு வாசல் சுவரில் மிக்கி மவுஸ் கீறக் காசு இருக்கிறது.

காலையில் சிரப் கொடுத்து, காய்ச்சலை அமுக்கி, ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிற தாய்மாரைத் திட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தனியார் வேலையில் வருடத்துக்கு 7 நாள் அவசர லீவு, 14 நாள் வருடாந்த லீவு. சின்னப்பிள்ளைக்கு வருகிற காய்ச்சலுக்கே அது காணாது. “திரும்பவும் பிள்ளைக்குச் சுகமில்லையா?” என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்கிற கேள்விக்குப் பயந்துதான் அந்தச் சிரப் போத்தல் திறக்கப்படுகிறது. டேகெயார் படிவத்தில் தகப்பனின் நம்பரும் எழுதித்தான் கொடுத்திருக்கிறோம். அந்த நம்பருக்கு இதுவரை ஒரு அழைப்பும் போனதில்லை. காய்ச்சல் என்றால் தாய்க்குத்தான் போன், தாய்க்குத்தான் லீவு வெட்டு, தாய்க்குத்தான் பேச்சு.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நான் கேட்கப்போவது ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட பதிவுக் கொப்பி. பிள்ளையின் பெயர், காய்ச்சல் கண்ட நேரம், எத்தனை டிகிரி, கொடுத்த மருந்தும் மில்லியும், குடித்தது, மூத்திரம் போனது, சத்தி. நாங்கள் காலையில் வீட்டில் மருந்து கொடுத்திருந்தால் அதையும் ஒளிக்காமல் அதிலேயே எழுதுவோம். எழுதினதற்காகப் பிள்ளையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவதா, எந்த அளவுக்கு மேல் என்றால் அனுப்புவது என்பதை அன்றைக்கே எல்லாரும் இருந்து பேசி முடிவெடுப்போம். தெர்மோமீட்டரை நானே வாங்கிக்கொண்டு வருகிறேன். பார்த்து எழுதுவதற்கு யார் பொறுப்பு என்று ஒரு ஆளின் பெயரைச் சொல்லுங்கள்.