மஞ்சள் கறுப்பு பெயிண்ட்

எங்கள் ஊருக்கு வெளியே வாய்க்கால் மேல் ஒரு பாலம் இருக்கிறது. சின்னப் பாலம்தான், மூன்று கண். நடுத்தூணுக்கு மேலே அரசங்கன்று முளைத்து என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது, வேர் இறங்கிய இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு விரிசல். மூன்று வருடத்துக்கு முன்னால் மனு கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஆட்கள் வந்து கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக பெயிண்ட் அடித்தார்கள். அரச இலையிலும் கொஞ்சம் பட்டது. மனுவுக்குப் பதில் வந்தது: நடவடிக்கை எடுக்கப்பட்டது.

பாலம் என்று பேச்செடுத்தாலே நம்மாட்கள் "வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் பாரு, இன்னும் நிக்குது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். திருநெல்வேலிக்காரன் என்பதால் எனக்கும் எங்கள் தாமிரபரணி மேல் நிற்கும் சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் பெருமை உண்டு. ஒரு மனிதர் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் திறந்த பாலம், 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு நிற்கிறது. ஆனால் 1869 வெள்ளத்தில் அதுவும் அடி வாங்கியது. சரி செய்தார்கள், பிற்பாடு அகலப்படுத்தினார்கள், அதனால் நிற்கிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரையில் மந்திரம் ஒன்றும் இல்லை. திருச்சி கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய இரும்புப் பாலமும் அதே வெள்ளைக்காரன் காலத்துப் பாலம்தானே, 2018 ஆகஸ்டில் தூண் சாய்ந்து ஆற்றோடு போனது. நல்லவேளை, 2016-லேயே பக்கத்தில் புதுப்பாலம் திறந்து இதில் வண்டி விடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

ஆற்றுப் பாலம் நிற்பது மணலின் பிடியில். கிணறு இறக்குகிற மாதிரி வட்டமாக இறக்கி அடித்தளம் போடுவார்கள், சுற்றியுள்ள மணல்தான் அதை இறுக்கிப் பிடிக்கும். மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டால் ஆற்றின் மட்டம் இறங்கி, பூமிக்குள் இருக்க வேண்டிய கால் வெளியே தெரியும். அப்புறம் ஒரு பெருவெள்ளம் போதும். அதே கொள்ளிடத்தில், புதுப்பாலத்து அடித்தளத்துக்குக் காவலாகக் கட்டிய தடுப்புச் சுவரை 2024 ஆகஸ்டில் வந்த தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்துவிட்டோம்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சாலைப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். 2002-ல் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர், 2006-ல் திரும்ப எடுத்தார்கள். நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி எத்தனை போராட்டத்துக்குப் போனார் என்று அவருக்கே கணக்கில்லை. அவரிடம் கேட்டேன், "அண்ணாச்சி, பாலத்துல நீங்க என்னதான் பாப்பீங்க?"

"மழைக்கு முன்னாடி வடிகுழாய்ல கம்பிய விட்டுக் குத்துவோம் தம்பி. அது அடைச்சுக்கிட்டா தண்ணி மேலயே நிக்கும், உள்ள இறங்கி கான்கிரீட்டுக்குள்ள இருக்கற கம்பியத் தின்னுரும். செடியப் பிடுங்குவோம். ஜாயிண்ட்ல மண்ணு சேந்தா தள்ளுவோம். வேற என்ன, கூலி வேலைதான்."

அந்தக் கூலி வேலைதான் பாலத்தைக் காப்பாற்றுகிறது. ஜாயிண்ட் என்பது தளத்துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி. வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பாலத்துக்கு அந்த ஜாயிண்டில் இடம் வேண்டும், தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே பேரிங் என்கிற தாங்கி அசைய வேண்டும். நாமோ தார் மேல் தார் போட்டு ஜாயிண்டையே மூடிவிடுகிறோம். அந்தத் தாரின் எடையையும் பாலம்தான் சுமக்கிறது. குழாய் குத்துவதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை, கல்வெட்டும் வைப்பதில்லை.

ரிப்பன் வெட்டிய கதைக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே அகரம் பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்த பாலம், சுமார் 16 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் திறந்து, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்தபோது டிசம்பர் 2-ஆம் தேதி வெள்ளத்தோடு போய்விட்டது. மூன்று மாத ஆயுசு. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்தது என்று அரசு சொன்னது, வந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அணைக்குக் கீழே பாலம் கட்டுகிறவர்கள் அணையை முழுசாகத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் எந்தத் தண்ணீரை எதிர்பார்த்தார்கள்? எங்கள் பக்கம் வல்லநாட்டில் தாமிரபரணி மேல் நாற்கரச் சாலைப் பாலம், அங்கே வெள்ளமே வேண்டியிருக்கவில்லை. பத்து வருடம் முடிவதற்குள் தளத்தில் ஓட்டை விழுந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி விழுந்து, ஒரு பக்கத்தை மூடிவிட்டு இன்னொரு பக்கத்திலேயே போக வர விட்டார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலை அது.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு எங்கள் பாலத்துக்குப் போனேன். அவர் கீழே இறங்கி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். மேலே வந்து அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டார். "மேல மட்டும் வெட்டினா ரெண்டு மடங்கா வரும், வேரைக் கொல்லணும். அது போக, அரசாங்கச் சொத்து. நீங்க கைய வச்சா உங்க மேலதான் கேஸு வரும்."

திரும்பி வந்து இன்னொரு மனு எழுதியிருக்கிறேன். பெயிண்ட் வேண்டாம் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.