சேலை வேலி ஒரு வாரத்துக்குத்தான்

கடலைக் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டினால் காட்டுப்பன்றி வராது என்று எழுதியிருக்கிறீர்கள். வராதுதான், முதல் ஒரு வாரம். எங்களுக்குப் பாலமேடு பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர். எட்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் சேலைக்கு அடியில் மூக்கை விட்டு நுழைந்து, நாலு பாத்தியைக் கிளறி, காயை மட்டும் தின்றுவிட்டுக் கொடியைச் சுருட்டிப் போட்டிருந்தது (கட்டினதில் ஒன்று அம்மாவின் நல்ல சேலை, அதற்கு இன்னும் திட்டு விழுகிறது). காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025-இல் அரசு சொன்னதே, அடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு அதனால் என்ன? சிலர் வேலியில் நேராகக் கரண்ட் விடுகிறார்கள். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற மனுஷன்தான் அதில் மாட்டுவான், அந்த வேலையே வேண்டாம்.

மயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? தேசியப் பறவை, கை வைக்க முடியாது, விதைத்த அன்றே வந்து பொறுக்குகிறது. தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்புறம் கோரைக் களை. மருந்தடித்தால் மேலே கருகும், கீழே கிழங்கு அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் ஆழ உழுது, கிழங்கைப் புரட்டிக் காயவிட்டுப் பொறுக்கினோம், மூன்று கோடையில் பாதி குறைந்தது. கூலிக் கணக்கைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.