கோழி வலை ரக்கூனை நிறுத்தாது

"அறுகோணக் கண் கோழி வலையைச் சுற்றிக் கட்டினால் போதும், ரக்கூன் வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரக்கூன் என்பது இரவில் இரை தேடும், கைபோன்ற முன்னங்கால்கள் கொண்ட காட்டு விலங்கு. அமெரிக்காவில் கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை நம்பித் தூங்கிவிட வேண்டாம். அந்த வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். மெல்லிய கம்பி, ரக்கூன் பிய்த்துவிடும். பிய்க்கக்கூட வேண்டியதில்லை. கண் வழியாகக் கையை விட்டு, ஓரத்தில் தூங்கும் கோழியின் தலையைப் பிடித்து இழுத்துவிடும். காலையில் வலை அப்படியே இருக்கும், கோழிக்குத் தலை இருக்காது.

கடையில் 'ஹார்டுவேர் கிளாத்' என்று கேளுங்கள். பெயரில்தான் துணி, பொருள் பற்றவைத்த கம்பி வலை. அரை அங்குலக் கண், 19 கேஜ் (தடிமன் அளவு) கம்பி. வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். தோண்டி வராமல் இருக்க, அடியில் வெளிப்பக்கமாக ஓர் அடியாவது மடக்கி மண்ணில் பதியுங்கள்.

அப்புறம் கதவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். பி. டேவிஸ் என்ற ஆய்வாளர் 13 விதப் பூட்டுகளை வைத்துப் பார்த்தார். 11 பூட்டுகளைப் பத்து முயற்சிக்குள் ரக்கூன்கள் திறந்துவிட்டன. வெறும் கொக்கியெல்லாம் அதற்கு விளையாட்டு. தாழ்ப்பாளில் காரபைனர் (ஸ்பிரிங் வைத்து மூடும் உலோக வளையம்) மாட்டுங்கள்.

"பிடித்துத் தூரக் காட்டில் விடலாம்" என்பதும் சரியில்லை. கலிபோர்னியாவில் அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது சட்டவிரோதம். தவிர, கோழிக்கூண்டில் ஓட்டை இருக்கும்வரை அடுத்த ரக்கூன் வந்துகொண்டுதான் இருக்கும்.