ஸ்டட் ஹை-லோ: எதிரே கிடக்கும் சீட்டுகளும் கணக்கில் உண்டு
ஸ்டட் ஹை-லோ என்பது, ஒவ்வொருவரின் சில சீட்டுகளும் திறந்தே கிடக்க, பந்தயத் தொகையில் பாதி உயர்ந்த கைக்கும் (கை என்பது ஒருவரிடம் சேரும் சீட்டுகள்) பாதி தாழ்ந்த கைக்கும் போகும் போக்கர் சீட்டாட்டம். அதில் முதல் மூன்று சீட்டும் எட்டுக்குள் இருந்தால் தயங்காமல் தொடரலாம் என்று ஒரு கட்டுரை சொன்ன அறிவுரை எனக்கு ஒப்பவில்லை. எதிரே திறந்து கிடக்கும் சீட்டுகளை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? பினாங்கில் எங்கள் வீட்டில் தீபாவளி இரவுகளில் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். ஒருமுறை என்னிடம் 3, 5, 7. எதிரே ஏஸ், 2, 4, 6. எனக்கு உதவக்கூடிய நான்கு சீட்டுகள் போய்விட்டன, அவற்றை வைத்திருந்த நால்வரும் நான் துரத்தும் அதே தாழ்ந்த பாதியைத்தான் துரத்துகிறார்கள். ஆனாலும் விடவில்லை. கடைசியில் மூவர் ஆளுக்கு 100 கொட்டை போட்டிருந்தோம். தாழ்ந்த கைக்குரிய பாதி 150. சித்தப்பாவும் அதே கையைக் காட்டியதால் எனக்கு வந்தது 75. இடையில் மடித்தவர்கள், அதாவது ஆட்டத்தை விட்டு விலகியவர்கள், போட்ட சில்லறையை விட்டுவிட்டால், வென்றும் 25 நஷ்டம்! ஏஸ், 2, 3 ஒரே இனத்தில் வந்தால் இரு பக்கமும் வெல்ல வழியுண்டு, தாராளமாகத் தொடருங்கள். பாதிக்காக மட்டும் ஓடும் கையை, எதிரே இத்தனை சிறிய சீட்டுகள் தெரியும்போது, மூன்றாம் சீட்டிலேயே மடித்துவிட வேண்டும்.